‘கட்’டுக்குத் தமிழில் வெட்டு மட்டும்தானா?

ஜூன் 2, இரவு 8.15. நெய்வேலி வாசகி கேட்டது

ஆறாம் வகுப்பு போகும் மகளுக்கு விடுமுறை வேலையாக, ‘கட்’ என்ற ஆங்கில வினைக்குப் பத்து இணைச்சொற்கள் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். சாப், ஸ்லைஸ், டிரிம், கார்வ், மின்ஸ், ஸ்னிப் என்று மளமளவென்று எழுதிவிட்டோம். தமிழில் யோசித்தால் வெட்டு ஒன்றுதான் வருகிறது. இந்த விஷயத்தில் நம்மிடம் சொல் பஞ்சம் என்றே தோன்றுகிறது. தப்பா?

ஜூன் 2, இரவு 9.05

தப்பு.

ஜூன் 2, இரவு 9.40

ஒரே சொல்லில் பதில் போட்டுவிட்டுப் போனதற்கு வீட்டில் திட்டு. விளக்குகிறேன்.

இதை எழுதும்போது என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருக்கிறாள். அந்தப் பூவை யாரும் வெட்டுவதில்லை. நாளை காலை அதையே பொடியாக அரிவாள். இளநீரைச் சீவுகிறோம். பென்சிலையும் சீவுகிறோம். தேங்காயை உடைத்து, பத்தையாகக் கீறுகிறோம். நெல்லை அறுக்கிறோம், கரும்பை வெட்டுகிறோம், விறகைப் பிளக்கிறோம். மருதாணியைப் பறிக்கிறோம், துளசியைக் கிள்ளுகிறோம். துணியைக் கத்தரிக்கிறோம். ஊறுகாய் மாங்காயைக் கொட்டையோடு வெட்டுகிறோம், சாம்பார் மாங்காயை நறுக்குகிறோம். பாப்பாவைச் சமையலறையில் அரை மணி நேரம் உட்கார வையுங்கள். பத்து என்ன, இருபது கிடைக்கும்.

ஜூன் 3, காலை 6.30

தூக்கம் வராமல் இன்னொன்று. ‘கட்’ என்ற சொல்லே ஆங்கிலத்துக்குப் பழசு இல்லை. 1300 வாக்கில்தான் அந்த மொழியில் தலைகாட்டுகிறது. எங்கிருந்து வந்தது என்பதில் அகராதிக்காரர்களுக்கே உறுதி இல்லை, ஸ்காண்டிநேவியப் பக்கம் கைகாட்டுகிறார்கள். அதற்கு முன் அவர்கள் வெட்டுவதற்குப் பொதுவாகச் சொன்ன வினையின் பேரன்தான் இன்றைய ‘கார்வ்’. வீட்டுத் தலைவராக இருந்தவர் இப்போது வாட்டிய இறைச்சிக்கும் மரச் சிற்பத்துக்கும் மட்டும் கூப்பிடப்படுகிறார். ஆட்டு மயிர் கத்தரிக்கும் ‘ஷியர்’ கதையும் அதேதான்.

ஆக, சொந்த வீட்டிலேயே மூத்தவர்களை ஓரங்கட்டிய சொல் அது. நம் வீட்டுக்கு வந்து சும்மா இருக்குமா?

ஜூன் 3, பிற்பகல் 2.10

கடையில் ஆள் இல்லாத நேரம். (கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ், லேமினேஷன், பைண்டிங் கடை வைத்திருக்கிறேன். நாள் முழுக்கக் ‘கட் பண்ணிக் குடுங்க’ கேட்டே காது காய்த்துப்போனவன்.)

எனக்கு ஒரு சந்தேகம். இந்தச் சொற்கள் போனது இங்கிலீஷால் அல்ல, அருவாமனையால்.

எங்கள் அம்மா அருவாமனையில் உட்கார்ந்தால் இடது முழங்காலை மடித்து, வலது பாதத்தால் பலகையை அழுத்திக்கொள்வாள். கத்தி அசையாது. காய்தான் கத்திக்குப் போகும். கோஸை இரண்டு கையாலும் பிடித்து விளிம்பில் வைத்து லேசாக அழுத்துவாள். நூல் நூலாக முறத்தில் விழும். அதற்குப் பெயர் அரிவது. வெட்டுவது என்றால் கை ஓங்க வேண்டும், கத்தி இறங்க வேண்டும். அம்மாவிடம் போய்க் ‘கோஸ் வெட்டினியா’ என்று கேட்டால் சிரித்திருப்பாள்.

இப்போது பலகை, கத்தி, நின்றபடி சமையல். கத்தி அசைகிறது, காய் சும்மா கிடக்கிறது. அரிவது என்ற சொல்லுக்கு அங்கே வேலை இல்லை. வெட்டுவது என்று சொல்ல வாய் கூசுகிறது, ஏதோ அரிவாளோடு நிற்பது மாதிரி. அந்த இடைவெளியில் ‘கட் பண்ணு’ நுழைந்துகொண்டது என்பது என் கட்சி.

ஜூன் 3, இரவு 10.20

மதுரைக்காரர் ஒருவர் வந்து என் கட்சியை ஒரே வரியில் கலைத்துவிட்டார். அவர்கள் வீட்டில் அருவாமனையிலேயே ‘காய் வெட்டு’ என்றுதான் சொல்வார்களாம். பாட்டி காலத்திலிருந்து அப்படித்தானாம். சரி, நான் எங்கள் தெருவை வைத்துத் தமிழ்நாட்டுக்கே சட்டம் போட்டுவிட்டேன். கடலூர், பண்ருட்டி வட்டாரத்துப் பேச்சு என்று திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அருவாமனை விஷயத்தை முழுசாக விட்டுக்கொடுக்க மனசில்லை. பிறகு வருகிறேன்.

ஜூன் 4, காலை 7.00

‘அரி’யில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. கோஸை அரிந்தாள் என்பது வேறு, கரையான் அரித்தது என்பது வேறு. கோஸ் அரிந்த கை அரித்தால் இரண்டும் ஒரே நாளில் வரும். சேனைக்கிழங்கு அரிந்தவர்களுக்குத் தெரியும்.

ஜூன் 4, இரவு 9.15

யாராவது கவனித்தீர்களா? வெங்காயத்தைக் ‘கட்’ பண்ணுகிறோம், கேக்கை வெட்டுகிறோம்.

பிறந்தநாள் வீட்டில் ‘கேக் வெட்டியாச்சா’ என்றுதான் கேட்பார்கள். வெங்காயம் நம்முடையது, அதற்கு ஆங்கில வினை. கேக் அவர்களுடையது, அதற்குத் தமிழ் வினை. இரண்டும் தெருவில் எதிரெதிரே வந்து சட்டையை மாற்றிப் போட்டுக்கொண்டு போயிருக்கின்றன. காரணம் கேட்டால் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: கேக்குக்குக் கூட்டம் கூடுகிறது, கை தட்டுகிறார்கள், கத்தி மேலிருந்து கீழே இறங்குகிறது. வெட்டு என்ற சொல்லுக்கு வேண்டிய ஆர்ப்பாட்டமெல்லாம் அங்கே இருக்கிறது.

ஜூன் 5, இரவு 11.00

‘கட் என்று சொல்வதால் யாருக்கு என்ன நஷ்டம், புரிந்தால் போதாதா’ என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். புரிந்தால் போதும்தான். புரியாமல் போன ஒரு நாளைச் சொல்கிறேன்.

அப்பா போன பிறகு அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம். ஒரு மாதம் தொகை குறைந்து வந்தது. எந்த அலுவலகம் என்பது வேண்டாம். நான் ஊரில் இல்லாததால் அம்மாவே போய்க் கேட்டிருக்கிறாள். கவுண்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ‘கட் பண்ணிட்டாங்கம்மா’ என்றிருக்கிறார். அம்மா வீட்டுக்கு வந்து வாசல்படியில் உட்கார்ந்தவள் சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை. பையிலிருந்த கீரைக்கட்டு வாடிப்போயிருந்தது. ஓய்வூதியமே நின்றுபோனது என்று நினைத்துக்கொண்டாள்.

முன்பு கூடுதலாகப் போட்ட தொகையைத் தவணையாகப் பிடித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். பிடித்தம் என்று ஒரு சொல் இருக்கிறது. நிறுத்தம் என்று ஒரு சொல் இருக்கிறது. பட்டியலிலிருந்து பெயரை எடுத்தால் நீக்கம். மூன்றையும் ஒரே ‘கட்’டில் அடைத்துக் கவுண்டருக்கு வெளியே நீட்டினால், வாங்குகிறவர் எதை எடுத்துக்கொள்வது?

ஜூன் 6, காலை 8.40

நேற்று கொஞ்சம் கனமாகிவிட்டது. இன்று இலகுவாக.

‘போன் கட் ஆயிடுச்சு’ என்பது நாம் தினமும் சொல்லும் பொய். கட் பண்ணியவர் நாம்தான். ‘பண்ணு’ போட்டால் ஆள் வந்துவிடுவான், ‘ஆகு’ போட்டால் ஆளே இல்லை. கயிறு அறுந்தது, கயிற்றை அறுத்தான் என்று தமிழ் வினை ஏற்கெனவே வைத்திருந்த ஏற்பாடுதான் இது. இங்கிலீஷ் சொல்லைக் கூட்டி வந்தோம், இலக்கணம் நம்முடையதையே மாட்டிவிட்டோம். என் மைத்துனர் இந்த ‘ஆகு’வில் டாக்டர் பட்டமே வாங்கலாம்.

ஜூன் 6, இரவு 9.50

மேலே சொன்னதற்கு ஒரு வால். கரண்டுக்கு மட்டும் இது வேறு மாதிரி. ‘கரண்ட் கட்’ என்று பெயர்ச்சொல்லாகச் சொல்வோம், வினையாக வந்தால் ‘கரண்ட் போச்சு’. யாரோ உறவுக்காரர் சொல்லாமல் ஊருக்குக் கிளம்பிப் போனது போல.

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் எங்களுக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது கம்பங்களெல்லாம் படுத்துவிட்டன. எங்கள் தெருவில் வாரக்கணக்கில் இருட்டு. அந்த நாட்களில் ‘கட்’ என்ற சொல்லை யாரும் சொன்னதாக நினைவில்லை. ‘எப்ப வருமாம்?’ என்பது ஒன்றுதான் கேள்வி.

ஜூன் 8, பகல் 12.30

பண்ருட்டிக்காரர் பலாவைப் பற்றி எழுதியதைப் பார்த்தீர்களா? மரத்திலிருந்து காயை வெட்டி இறக்குவது, பழத்தை அறுப்பது, சுளை எடுப்பது, சடை நீக்குவது. பால் ஒட்டாமல் கத்திக்கும் கைக்கும் எண்ணெய் தடவிக்கொள்ளும் வரை சொல்லியிருக்கிறார். முந்திரிக்கொட்டைக்கு இதில் எதுவும் கிடையாது, அது உடைப்பதுதான்.

கரும்புப் பக்கம் போனால் வேறு சுவை. நெல்லிக்குப்பம் சுற்று வட்டாரத்தில் வயலில் நடப்பது ‘கரும்பு வெட்டு’. அதற்கு ஆலையிலிருந்து வர வேண்டியது ‘கட்டிங் ஆர்டர்’. காகிதத்தில் இருக்கும்வரை கட்டிங், அரிவாள் கைக்கு வந்ததும் வெட்டு.

ஜூன் 8, இரவு 10.05

‘கட்டிங்’ என்றதும் நாலு பேர் கண் சிமிட்டும் பொம்மை போட்டிருக்கிறீர்கள். தெரியும், தெரியும். 180 மில்லி குவார்ட்டரை இருவர் பாதியாகப் பங்கிட்டால் ஆளுக்கு 90, அதுவும் கட்டிங்தான். சலூனிலும் கட்டிங். மும்பையில் அரை கிளாஸ் டீ கட்டிங். புதுச்சேரி எல்லையில் இருந்துகொண்டு இந்தச் சொல்லைப் பற்றி அதற்கு மேல் எழுதினால் இழை வேறு பக்கம் போய்விடும்.

ஜூன் 11, காலை 7.20

‘கட்’டும் ‘கட்டு’ம். இது இரண்டு நாளாக மண்டையைக் குடைகிறது.

அவர்கள் கட் என்றால் துண்டிப்பு. நாம் கட்டு என்றால் பிணைப்பு. தாலி கட்டு, வீடு கட்டு, மாட்டைக் கட்டு. கடலில் போகிற நம் கட்டுமரத்தை அவர்கள் ‘கேட்டமரான்’ என்று எடுத்துப்போனார்கள். நாம் கட்டிக் கொடுத்தோம், அவர்கள் திருப்பிக் கொடுத்தது கட்.

சீட்டாட உட்கார்ந்தால் ‘கட்டைக் கட் பண்ணு’ என்கிறோம். வெளியூர்க்காரன் கேட்டால் என்ன நினைப்பான்?

இன்னொன்று. பிரியாணியை ஒருவன் நன்றாகச் சாப்பிட்டால் ‘ஒரு வெட்டு வெட்டினான்’. அதையே ‘ஒரு கட்டு கட்டினான்’ என்றும் சொல்கிறோம். வெட்டினாலும் கட்டினாலும் இலை காலி. ஆனால் தமிழ் ‘கட்டு’ எந்தக் காலத்திலும் வெட்டுகிற வேலை பார்த்ததில்லை என்று அடித்துச் சொல்வேன்.

ஜூன் 11, இரவு 8.30

அடித்துச் சொன்னது தப்பு. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஐயா ஒருவர் குறள் 550-ஐ எடுத்துப் போட்டிருக்கிறார். ‘பைங்கூழ் களைகட் டதனொடு நேர்.’ கொடியவரை அரசன் ஒறுப்பது, பயிரில் களை எடுப்பதற்குச் சமம். இங்கே ‘களைகட்டது’ என்றால் களையைப் பிடுங்கி எறிந்தது. கட்டல் என்றாலே களை பறித்தல்தானாம். இன்று திருவிழா களைகட்டுகிறது என்கிறோமே, அந்தக் களை வேறு, இந்தக் களை வேறு.

அதோடு விடவில்லை ஐயா. 879-ஐயும் பார் என்கிறார். முள்மரத்தை இளசாக இருக்கும்போதே வெட்டு என்பதற்கு வள்ளுவர் போட்ட வினை ‘கொல்க’. நெய்வேலி பாப்பாவின் பட்டியலில் இதைச் சேர்க்கலாமா என்று யோசிக்கிறேன். பள்ளிக்கூடத்தில் பயந்துவிடுவார்கள்.

ஜூன் 13, மாலை 6.45

புதுச்சேரி முத்தியால்பேட்டை அக்கா ஒருவர் பிரெஞ்சு பக்கம் இழுத்துவிட்டார். நல்லதாகப் போயிற்று.

பிரெஞ்சில் வெட்டுவது ‘கூப்பே’. அடி என்று பொருள்படும் ‘கூ’விலிருந்து கிளைத்தது, ஆக அங்கே வெட்டும் ஒரு வகை அடிதான். ரயிலில் முதல் வகுப்பில் இரண்டு பேர் மட்டும் படுக்கும் சின்ன அறையைக் கூப்பே என்கிறோமே, அதுவும் இதுதான். ‘வெட்டிக் குறுக்கிய வண்டி’ என்று குதிரை வண்டிக் காலத்தில் வைத்த பெயர். வகுப்புக்குப் போகாமல் இருப்பதை இங்கிலீஷ்காரர் வெட்டுகிறார், நாம் மட்டம் போடுகிறோம் (கல்லூரிக்குப் போனதும் ‘கட் அடிக்கிறோம்’, வெட்டையே அடிப்பது நாம் மட்டும்தான்). பிரெஞ்சுப் பிள்ளைகள் வகுப்பைக் காயவைக்கிறார்களாம். வடாம் மாதிரி.

எனக்குப் பிடித்தது டெய்லர். பழைய பிரெஞ்சில் வெட்டுவதற்கு இருந்த ஒரு வினையிலிருந்து வந்த சொல், பொருள் ‘வெட்டுகிறவர்’. நாம் அதே ஆளைத் தையல்காரர் என்கிறோம். அவர்கள் கத்தரியைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள், நாம் ஊசியைப் பார்த்து. இந்தக் கணக்கில் நம் கடைத்தெருவின் ‘கட்டிங் மாஸ்டர்’, வெட்டுகிறவருக்கும் மேலே வெட்டுகிறவர்.

ஜூன் 13, இரவு 9.30

அக்காவின் பக்கத்து வீட்டு சொல்தா தாத்தா கதையையும் இங்கே ஒட்டிவிடுகிறேன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். பாகூர் பக்கம் அவருக்குக் கொஞ்சம் முந்திரி உண்டு. தோட்டம் பார்க்க வந்த வேளாண்மைக்காரர், ‘ஐயா, மரத்துக்கெல்லாம் கவாத்து பண்ணணும்’ என்றிருக்கிறார். தாத்தா நிமிர்ந்து நின்று, ‘மரத்துக்கா?’ என்று கேட்டாராம். அவருக்குத் தெரிந்த கவாத்து இடது, வலது என்று நடப்பது. கிளை கழிப்பதற்கும் அதே பெயர்தான். பட்டாளமோ தோட்டமோ, ஒழுங்குக்குக் கொண்டுவருவதுதானே என்று அக்கா சமாதானம் சொல்லியிருக்கிறார்.

ஜூன் 17, காலை 10.15

அருவாமனைக்குத் திரும்புகிறேன் என்று சொல்லியிருந்தேன். மீன்பிடித் தடைக்காலம் 61 நாள் முடிந்து விசைப்படகுகள் இறங்கியாயிற்று. விடியற்காலையில் முதுநகர் துறைமுகம் போனேன். கூட்டம் சொல்லி மாளாது. ஒரு வஞ்சிரம், கொஞ்சம் சங்கரா, ஒரு கிலோ கவளை. மூன்றையும் எடுத்துக்கொண்டு மீன் ஆயும் அக்காவிடம் போய், பழக்க தோஷத்தில் ‘கட் பண்ண எவ்ளோக்கா?’ என்றேன்.

அவர் பையைத் திறந்து பார்த்தார். ‘எதைக் கட் பண்ணணும்? கவளைய ஆயணும். சங்கராவுக்குச் செதிலு எடுத்துக் கீறி விடணும். வஞ்சிரம் துண்டு போடணும். ஆயறதுக்கு ஒரு காசு, துண்டு போடறதுக்கு ஒரு காசு. நீ எல்லாத்தையும் கட்டுன்னா நா எதுக்குன்னு காசு கேப்பேன்?’

அவர் முன்னால் ஒரு பெரிய அருவாமனை, பலகை ஊறிக் கறுத்திருந்தது. கவளையைக் கத்தி முனையில் ஒரு தேய்ப்பு, தலைப் பக்கம் ஒரு அழுத்தல், கட்டைவிரலால் குடலை ஒரு வழிப்பு. மூன்று நொடிகூட ஆகவில்லை. கத்தி அசையவே இல்லை, மீன்தான் போய்ப் போய் வந்தது. வஞ்சிரத்துக்கு மட்டும் எழுந்து, பக்கத்திலிருந்த மரக்கட்டையில் வைத்து, வெட்டுக்கத்தியை ஓங்கினார். இறால் கொண்டுவந்த அம்மாவிடம் ‘உரிக்கணுமா?’ நெத்திலிக்காரரிடம் ‘அத வீட்ல கிள்ளிக்கோ, இங்க நேரமில்ல.’

மதுரைக்காரர் கவனிக்க: நான் சொன்னதில் பாதியாவது சரி. வேலைக்குத் தகுந்த கூலி இருக்கும் இடத்தில் வினைச்சொல் சாவதில்லை.

ஜூன் 17, பிற்பகல் 3.00

விட்டுப்போனது. ‘ஆய்’ என்ற இதே வினையில்தான் கீரையும் ஆய்கிறோம், செடியிலிருந்து மல்லாட்டையும் (நிலக்கடலைதான்) ஆய்கிறோம். பல்கலைக்கழகத்தில் செய்வதும் ஆய்வுதான். வேண்டாததைத் தள்ளி வேண்டியதை எடுப்பது. அந்த அக்காவுக்குப் பட்டம் கொடுக்கலாம், முடிவுகளில் முள் இருக்காது.

ஜூன் 18, இரவு 8.50

நெய்வேலி சகோதரி திரும்பி வந்திருக்கிறார். பாப்பா பட்டியலில் தமிழ்ச் சொல் இருபத்து மூன்று ஆகிவிட்டதாம். ‘கொல்’லையும் சேர்த்துவிட்டாளாம். நல்லது. ‘உடை’யை எடுத்துவிடச் சொல்லுங்கள், அது ‘பிரேக்’ வீட்டுப் பிள்ளை, முதல் நாள் நான்தான் அவசரத்தில் உள்ளே விட்டேன்.

பாப்பா கேட்ட கேள்விக்கு மட்டும் தனியாகப் பதில். கொய்தல் என்றால் பறிப்பது, கொய்யாதது கொய்யா, அதனால்தான் அந்தப் பழத்துக்குக் கொய்யா என்று பெயரா? இல்லை கண்ணு. அந்தப் பழம் அமெரிக்கப் பக்கத்திலிருந்து போர்த்துக்கீசியர்களோடு வந்தது. அவர்கள் ‘கோயாபா’ என்றார்கள், நாம் கொய்யா ஆக்கிக்கொண்டோம்.

ஜூன் 18, இரவு 9.10

பாப்பாவின் மறு கேள்வி: ‘அப்போ பறிச்சு சாப்பிட்டாலும் அது கொய்யாதானே மாமா?’

ஆமாம்.